இரண்டாவது குண்டு

மேலே எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவைதான். எனக்கு வயது நாற்பத்து மூன்று. கணவருடன் குடியிருந்து வருகிறேன். கட்டமைப்புப் பொறியாளராகத் தொழில் செய்கிறேன். அதாவது ஒரு கட்டடம் நிற்குமா நிற்காதா என்று சொல்வது என் வேலை. நிற்கும் என்று சொன்னால் நன்றி சொல்வார்கள். நிற்காது என்று சொன்னால் வேறு பொறியாளரைத் தேடிப் போவார்கள். இன்று நடந்த சம்பவம் பற்றி இன்ஸ்பெக்டர் விசாரித்ததில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல், சுயநினைவோடு, பாதி மரத்துப்போன கடைவாயோடு நான் சொல்வது என்னவென்றால்:

சம்பந்தப்பட்ட நான்கு மாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார், தனியாக வசித்து வருகிறார். எங்களுக்குள் முன்விரோதம் உண்டா என்று ரைட்டர் கேட்டார். முன்விரோதம் என்று சொல்ல முடியாது, நாத்தனார் என்றுதான் சொல்ல முடியும். அந்தக் கட்டடத்தைக் காலி செய்ய வைத்தால் அவர் நேராக என் வீட்டுக்குத்தான் வருவார். ஆகவே அதைக் காலி செய்ய வைப்பதில் எனக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதைத் தயவுசெய்து முதலிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பக்கத்து மனையில் அடித்தளத்துக்குப் பெரிய பள்ளம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து நாத்தனார் வீட்டுப் படுக்கையறைக் கதவு சாத்த முடியாமல் போனது. கதவு மழையில் உப்பிவிட்டது என்று அவர் சொன்னார். அப்போது மழையே இல்லை. நான் கீழே இறங்கி வண்டி நிறுத்தும் இடத்தில் பார்த்தபோது மூலைத் தூணில் விரிசல் இருந்தது. அதன் பிறகு அந்த விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி வைத்தேன். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் தூண் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கண்ணாடி உடைந்தது. யாருடைய கையையாவது கிழித்துவிடும் என்று நாத்தனார் அதைப் பெயர்த்துக் குப்பையில் போட்டுவிட்டார். மறுபடி ஒட்டினேன், மறுபடி உடைந்தது. அதன் பிறகு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு கான்கிரீட்டின் வலுவைப் பார்க்கும் சுத்தியலைக் கொண்டு போனேன். அது உடைக்கும் சுத்தியல் அல்ல. தூணில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அடித்துத் திரும்பும், எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று பார்ப்போம். ஆனால் பெயர் சுத்தியல் அல்லவா? குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓடிவந்து, "ஏற்கெனவே விரிசல். இதுல நீங்க வேற சுத்தியால அடிச்சுப் பெருசாக்கறீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் எந்தக் கருவியோடும் அந்தக் கட்டடத்துக்குள் வரக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் என் நாத்தனார்.

நான் விடவில்லை. சங்கக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போய், கட்டடம் சாய்கிறது, எல்லோரும் உடனே காலி செய்யுங்கள், தூண்களுக்கு முட்டுக் கொடுத்துப் பழுது பார்த்த பிறகு திரும்பி வரலாம் என்று சொன்னேன். செயலாளர், "சும்மா சும்மா குண்டைத் தூக்கிப் போடாதீங்க மேடம்" என்று சொல்லி, தன் கைபேசியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அதில் மட்டம் பார்க்கும் செயலி ஒன்றை இலவசமாக இறக்கி வைத்திருந்தார். அவர் வீட்டுத் தரையில் வைத்தால் சாய்வு பூஜ்யம் என்று காட்டியது. தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிர் வீட்டுத் தரையில் வைத்தால் எதிர் வீடுதான் சாய்கிறது என்று காட்டியது. பிறகு விசாரித்ததில், செயலியை முதன்முதலில் திறந்தபோது அது மட்டமான இடத்தில் வைத்துப் பூஜ்யத்தை அமைக்கச் சொல்லியிருக்கிறது. அவர் அதைச் சாய்ந்துபோன தன் வீட்டுத் தரையிலேயே வைத்து அமைத்திருக்கிறார். அந்தக் கைபேசிக்கு அதன் பிறகு அவர் வீடு மட்டும்தான் நேர், உலகமெல்லாம் கோணல். இதை எத்தனையோ முறை விளக்கினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நாத்தனாரிடம் தனியாகப் பேசினேன். "அக்கா, எங்க வீட்டுக்கு வந்துடுங்க, மாடி அறை காலியாத்தான் இருக்கு" என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு அவர், "எலி வளையானாலும் தனி வளைதான். உன் வீட்டுக்கு வந்து உன் கையால சோறு வாங்கித் தின்னற அளவுக்கு நான் இன்னும் இறங்கிப் போகலை" என்று சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். கோபத்தில் வந்த அழுகை. ஆனால் பயமும் இருந்தது. அவர் அந்தப் படுக்கையறையில் தூங்குகிறார் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனவே அந்தக் கட்டடம் நகர்கிறது என்று கண்ணால் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். என்னோடு வேலை செய்யும் மேஸ்திரியிடம் சொல்லி, இன்று காலையில் மாடிப்படி நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக, மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து கீழ்த்தளம் வரைக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிடச் சொன்னேன். தூக்குக்குண்டு என்பது சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் பித்தளை எடை, பம்பரம் போல் கீழே கூராக இருக்கும். கூர்முனை நிற்கும் இடத்துக்கு நேர் கீழே தரையில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டு வைக்கவும் சொன்னேன். கட்டடம் அசைந்தால் முனை குறியை விட்டு விலகும். எங்கள் தொழிலில் இதை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வெறும் குண்டு என்றுதான் சொல்வோம். இந்த வழக்குக்கு மூலகாரணம் இதுதான்.

அதன் பிறகு கடைவாய்ப் பல் வலி தாங்காமல் பல் மருத்துவரிடம் போனேன். அங்கே காத்திருக்கும் அறையில், கன்னம் வீங்கிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் இந்த வழக்கின் புகார்தாரர். அப்போது மேஸ்திரி கைபேசியில் அழைத்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் நான் உரக்கப் பேச வேண்டியிருந்தது. நான் பேசியது பின்வருமாறு:

"குண்டு கட்டியாச்சா மேஸ்திரி? மேல் மாடியிலேர்ந்துதானே? யாரும் தொடாம பாத்துக்கங்க, தொட்டா எல்லாம் போச்சு. அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது. சாயங்காலத்துக்குள்ள பில்டிங் என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுடும்."

புகார்தாரர் என்னை ஏறிட்டுப் பார்த்து, எந்தக் கட்டடம் என்று மரியாதையாகக் கேட்டார். தொழிலில் ஆர்வம் உள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்து அடையாளம் சொன்னேன். அவர் தன் முறை வந்தும் உள்ளே போகாமல் வெளியே போய்விட்டார். எனக்கு முறை சீக்கிரம் வந்ததில் சந்தோஷப்பட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பேச்சை நான் கேட்டிருந்தாலும் ஓடியிருப்பேன். வீங்கிய கன்னத்தோடு அவர் "குந்து, குந்து" என்று சொல்ல, காவல் கட்டுப்பாட்டு அறையில் அவரையே உட்காரச் சொன்னார்களாம்.

அதன் பிறகு பல் மருத்துவர் எனக்கு ஊசி போட்டு நாக்கு மரத்திருந்த நேரத்தில் போலீசார் உள்ளே வந்தார்கள். இன்ஸ்பெக்டர், "அந்தக் கட்டடத்துல என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் தூக்குக்குண்டு என்று சொன்னேன். மரத்த நாக்கில் முன்பாதி சிக்கிக்கொண்டு பின்பாதி மட்டும் மிகத் தெளிவாக வெளியே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தன் ஆட்களைப் பார்த்து, "ஒத்துக்கிட்டாங்க" என்று சொன்னார்.

அதன் பிறகு என்னை ஜீப்பில் ஏற்றிச் சம்பவ இடத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே கட்டடம் முழுவதும் காலியாகி, எல்லோரும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றார்கள். செயலாளர் ஒரு காலில் செருப்போடு நின்றார். நாத்தனார் பாத்திரம் துடைத்த துணியோடு நின்றார். மாதக்கணக்காக நான் கெஞ்சியும் அசையாத ஜனம் ஒரு வார்த்தையில் இறங்கி வந்திருந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

வெடிகுண்டு நிபுணர் கனமான கவசத்தைப் போட்டுக்கொண்டு மாடிப்படி வழிக்குள் தவழ்ந்து போய் நூலைப் பிடிக்கக் கை நீட்டினார். நான் வாசலிலிருந்து, "தொடாதீங்க!" என்று கத்தினேன். அதற்குள் நாக்கு தெளிந்திருந்தது. அவரும், வாசலில் நின்ற போலீசாரும், இன்ஸ்பெக்டரும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார்கள். ஒன்றும் வெடிக்காததால் நிபுணர் தலையைத் தூக்கி நன்றாகப் பார்த்துவிட்டு, "சார், இது கொத்தனார் குண்டு சார். இதுக்கா நான் இந்த வெயில்ல இத்தனையும் மாட்டிக்கிட்டு வந்தேன்?" என்று சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, ஆபத்து ஒன்றும் இல்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தார்.

அப்போதுதான் நான் உள்ளே போய்க் குனிந்து பார்த்தேன். குண்டை யாரும் தொடவில்லை. படிக்கட்டு ஜன்னல்கள் சாத்தியிருந்தன, காற்றும் இல்லை. குண்டு ஆடாமல் நின்றது. ஆனால் அதன் முனை காலையில் போட்ட குறிக்கு மேல் இல்லை, ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. காலைக்கும் மாலைக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் நகர்ந்தால், அந்தத் தூண் தன் கடைசி வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர், "நாளைக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார். செயலாளரிடம் சொன்னேன். அவர் கைபேசியை எடுத்துப் பூஜ்யத்தைக் காட்டினார். அதற்குள் ஜனம் படியேற ஆரம்பித்துவிட்டது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனவர் என் நாத்தனார். இரண்டாவது மாடிக்குத் திரும்பும் இடத்தில் அவருடைய கை கைப்பிடியில் தெரிந்தது.

அதன் பிறகு நான் மாடிப்படி நடுவில் நின்று, தலையை அண்ணாந்து, "இன்னொரு குண்டு இருக்கு! மேல தண்ணித் தொட்டிகிட்ட இருக்கு! நிஜக் குண்டு!" என்று கத்தினேன்.

முதல் குண்டு என் தவறு அல்ல, அது தமிழின் தவறு. இரண்டாவது குண்டு என்னுடையது. தெரிந்தே சொன்னேன். ஊசி போட்டிருந்தது, நாக்கு குழறியது என்று சாக்குச் சொல்ல மாட்டேன்.

மறுபடியும் எல்லோரும் ஓடி இறங்கினார்கள். நிபுணர் என்னை முறைத்துவிட்டு, கவசத்தோடு மொட்டைமாடிக்கு ஏறினார். கொஞ்ச நேரத்தில் சத்தம் காட்டாமல், ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தார். மேலே குண்டு எதுவும் இல்லை என்றும், கைப்பிடிச் சுவர் தளத்தை விட்டுப் பிரிந்து நிற்கிறது என்றும், இடைவெளியில் தன் கை நுழைகிறது என்றும், இனிமேல் தன்னை அங்கே அனுப்ப வேண்டாம் என்றும் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். அதன் பிறகு நகராட்சிப் பொறியாளர் வரவழைக்கப்பட்டு, காலண்டரைத் தூக்கித் தூணைப் பார்த்துவிட்டு, வாசலுக்குச் சீல் வைத்தார். தூண்களுக்கு முட்டுக் கொடுக்கும் வேலை இப்போது நடந்து வருகிறது. கட்டடம் இன்னும் விழவில்லை. விழாததால்தான் பொய்த் தகவல் கொடுத்ததாக என் மேல் வழக்கு. விழுந்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள், ஆனால் மாலை போட எத்தனை பேர் மிச்சம் இருந்திருப்பார்கள் என்பது வேறு கணக்கு.

இந்த வாக்குமூலம் எழுதப்படும்போது என் நாத்தனார் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரையும் விசாரிக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். நான் பொய்த் தகவல் கொடுத்து உங்களைப் பீதியில் ஓட வைத்தேனா என்று கேட்டார். அதற்கு அவர் சொன்னதை என் வாக்குமூலத்திலும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"பீதியெல்லாம் இல்லைங்க. அவ கத்தினப்பவே எனக்குத் தெரியும், பொய்தான்னு. இத்தனை வருஷத்துல இவ எங்கிட்ட வாய் தவறிக்கூட ஒரு பொய் சொன்னதில்லை. குழம்பு நல்லா இருக்கான்னு கேட்டாக்கூட இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவ. அவளே பொய் சொல்றான்னா மேல போகக் கூடாதுன்னு புரிஞ்சுது. அதான் முன்னாடி நின்னவங்களையெல்லாம் தள்ளிக்கிட்டு இறங்கினேன்."

ரைட்டர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது. இதில் உள்ளது அத்தனையும் உண்மை. மாடிப்படியில் நான் கத்தியது மட்டும் பொய், அதை மறுபடியும் சொல்லச் சொன்னாலும் சொல்வேன் என்பது உண்மை.

(ஒப்பம்)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. சாட்சியாகக் கையொப்பமிட்டவர்: மேற்படி நாத்தனார். தற்போதைய முகவரி: வாக்குமூலம் கொடுத்தவரின் வீட்டு மாடி அறை.