கதவுதான் இடித்தது

பெயர், விலாசம் மேலே கண்டபடி. வயது இருபத்து மூன்று. அச்சகத்தில் புத்தகம் கட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவர் அடித்து என் கண் போனதாக என் அண்ணன் கொடுத்த புகார் குறித்து என்னை விசாரிக்க, நான் சொல்வதாவது:

சில மாதங்களாக என் இடது கண்ணின் ஓரத்தில் திரை விழுந்தது போல நிழல் இருந்ததால் கதவு நிலையில் அடிக்கடி இடித்துக்கொண்டேன். ஒருமுறை புருவம் கன்றிப்போனது. அப்போது வெளியூரிலிருந்து வந்திருந்த அண்ணன் கேட்டதற்கு, "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றேன். அவர் என் கணவர் போட்டுக் கொடுத்த டீயைத் தொடாமல் எழுந்து போனார்.

அதன் பிறகு கணவர் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார், அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்த பின் பெரிய டாக்டர், கண்ணுக்குள் புற்றுநோய் என்றார். "வயசானவங்களுக்கு வர்றதும்மா இது. அதுவே அபூர்வம். உங்க வயசுல நான் பார்த்ததே இல்ல." கட்டி பெரிதாகிவிட்டதால் கண்ணையே எடுக்க வேண்டும் என்றார். நான், நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தவர் அண்ணன். "அவர்கிட்ட நானே சொல்றேன், நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்று கணவரிடம் சத்தியம் வாங்கினேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கணவர் என் முகத்தைப் பார்க்காமலே இருந்தார். "ரெண்டு கண்ணு இருந்தப்பவே உங்களைத்தான் கட்டிக்கிட்டேன், இனிமே என்ன" என்றேன். சிரித்தார். பிறகு அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை.

நான் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்வதற்குள், நேற்று அவரே முன்னறிவிப்பு இல்லாமல் வந்தார். என் கண்ணில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல், கணவர் வேலை செய்யும் கட்டிடத்துக்குப் போய் அவரை ஸ்பேனரால் அடித்திருக்கிறார். "அவ கண்ணை என்னடா பண்ண" என்று கேட்டுக் கேட்டு அடித்ததாக வாட்ச்மேன் சொன்னார். கணவர் பல் உடைந்தும், "அவகிட்டயே கேளுங்க மச்சான்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லையாம். அதன் பிறகு அண்ணனே இங்கு வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று இந்த நிலையத்தில் வைத்து அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர், "உனக்கு இருபத்து மூணுதானேம்மா" என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னை யாரும் அடிக்கவில்லை. அண்ணன் மேல் தனக்குப் புகார் இல்லை என்று கணவரும் சொல்கிறார். நோய் ஈரலுக்குப் பரவியிருக்கிறதா என்று நாளை ஸ்கேன் எடுக்க வேண்டும், துணைக்கு ஆளோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கென்று இருக்கும் இரண்டு ஆட்களையும் இங்கேதான் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)