நாப்பத்தோரு உத்தரியம்

இல்ல சாமி, கோயில்ல வச்சுப் பேச வேணாம், இங்கயே உக்காருங்க. உங்க ஆளுங்க மண்வெட்டிய வாசல்லயே சாத்தி வைக்கட்டும், எங்கயும் ஓடிப்போகாது. கல்லறையும்தான் ஓடாது. காதிஸ்லருந்து கழுதமேல வந்திருக்கீங்க, இடுப்பு விட்டுப்போயிருக்கும். தவசுகாலம், கறி கெடையாது. உப்பு மீனும் கொண்டக்கடலையும் இருக்கு. திராட்சரசம் புளிக்கும், பொறுத்துக்கங்க. நல்ல ரசத்தையெல்லாம் சண்ட முடிஞ்ச கையோட காதிஸ் பெரியவங்க இங்கிலீஷ் தளபதிக்குப் பீப்பா பீப்பாயா அனுப்பிட்டாங்களாமே. அவரு பதிலுக்குப் பாலாடக்கட்டி அனுப்பினாராம். சம்பந்தி வீட்டுக்காரங்க தோத்தாங்க போங்க.

சண்டையா? பாத்தேனே. அஞ்சு மாசம் ஆச்சு, ஒரு திங்கக்கிழம மத்தியானம், ஊரே மேட்டுல ஏறி நின்னோம். கோயில்பிள்ள பாஸ்குவால் பக்கத்துல நின்னுகிட்டு நாமதான் ஜெயிக்கிறோம், நாமதான் ஜெயிக்கிறோம்னு சொல்லிக்கிட்டே இருந்தான். பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு தடவ ஜெயிச்சிட்டான். எங்களுக்குத் தெரிஞ்சது பொகதான். நம்ம கப்பலுக்கெல்லாம் அர்ச்சிஷ்டவங்க பேரு. பெரிய கப்பலுக்குத் தமதிரித்துவத்தோட பேரே வச்சாங்க. எது முழுகிச்சுன்னு உங்களுக்குத் தெரியும், நான் ஒண்ணும் சொல்லல. இனிமே கடல் முழுக்க இங்கிலீஷ்காரனுக்காம். வச்சுக்கட்டும். அது கக்கினது மட்டும் எங்களுக்கு.

ஆமா, பொணத்தக் கழுவுறது இந்த ஊர்ல என் வேலதான். ஒரு வாரம் புயல். அது நின்ன அன்னிக்கு மணல் பூரா கெடந்தாங்க. நாப்பத்தொண்ணு பேரு. துணி கெடையாது, அடையாளம் கெடையாது. நம்மாளு யாரு, நம்ம கூடச் சேந்து சண்ட போட்ட பிரெஞ்சுக்காரன் யாரு, வேதம் பொரண்ட இங்கிலீஷ்காரப் பதிதன் யாரு? உசுரோட இருந்தாலாவது ஒரு ஜெபம் சொல்லச் சொல்லிப் பாக்கலாம். பங்குச்சாமி யோசிச்சு ஒரு வழி சொன்னாரு. கழுத்துல கார்மேல் மாதா உத்தரியம் இருந்தா மந்திரிச்ச கல்லற மண்ணு. இல்லாட்டி பதிதன், மணல் மேட்டுக்கு அந்தாண்ட குழியில போட்டு சுண்ணாம்பு கொட்டிடுறது. நல்ல வழிதான். ரெண்டு துண்டு துணி, ஒரு கயிறு. மோட்சத்துக்கு அதுபோதும்னா பொதைக்கிறதுக்குப் போதாதா?

எத்தன பேர் கழுத்துல இருந்துதா? மொதல்ல ரெண்டு பேர். சரியாத்தான் கேக்குறீங்க. மறுநாள் பங்குச்சாமி வந்து எண்ணும்போது நாப்பத்தொண்ணு. பாஸ்குவால் வாயப் பொளந்துட்டான். அங்க ஒருத்தன், செம்பட்டத் தல, கையில நீலமா நங்கூரம் குத்தி அடியில ஏதோ இங்கிலீஷ் எழுத்து. அவன் நெஞ்சுலயும் உத்தரியம்! 'இவனுக்கு ஏதுடீ, திபுர்சியா?'ன்னு என்னக் கேக்குறான். மாதா கிருபைன்னேன். பங்குச்சாமி அங்கயே முட்டி போட்டுட்டாரு. பதிதனெல்லாம் சாகுற நேரத்துல மனந்திரும்பிட்டான், மாதா செஞ்ச புதுமைன்னு, உங்கள அனுப்பின மேற்றிராணியாருக்குக் காகிதம் எழுதினது அவருதான். நல்ல மனுசன். கொஞ்சம் கம்மியா நல்லவரா இருந்திருந்தா உங்களுக்கு இந்தக் கழுதச் சவாரி மிச்சம்.

அந்த உத்தரியமா? குடுங்க பாப்போம். கல்லறையத் தோண்டியா எடுத்தீங்க? ஓ, காகிதத்தோட அவரே வச்சு அனுப்பினதா. ஆமா சாமி, என் தையல்தான். இழுத்தடிச்சு என்ன ஆகப்போகுது. துணி என்னோட சாவு அங்கி. மாதாவுக்கு நேர்ந்துகிட்டு, செத்தா போத்திவிடணும்னு தச்சு, பதினோரு வருசமா பெட்டியில கெடந்துது. இப்ப நான் செத்தா வெறும் பாவாடையோடதான் போகணும். போறேன், யாரு பாக்கப்போறாங்க.

அவங்க மேல பாசமா? எனக்கா? இங்கிலீஷ்காரன் மேலயா? சிரிப்பு காட்டாதீங்க. அந்தச் செம்பட்டத்தலையன் இங்கிலீஷ்காரன்னு எனக்கு நல்லாத் தெரியும். துணி மிச்சமிருந்துது.

ஆங், சொல்றேன் இருங்க. எந்தக் குழியில யாருன்னு நான் வந்து காட்டணும், பதிதனையெல்லாம் எடுத்து மணல்ல போடணும், அதானே? கேக்குது சாமி, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. நீங்க மொதல்ல சாப்பிடுங்க.

அது... ஆணியில தொங்குறதா? அதுவும் உத்தரியம்தான். அது பழசு, கஸ்பாரோடது. என் பையன். ஒரே பையன். சின்னப் புள்ளையில மொதமொதல்ல நன்ம வாங்குன அன்னிக்குப் போட்டது, பத்தொம்பது வயசு வரைக்கும் கழட்டல. கயிறு நைஞ்சிருந்துது. கழட்டிக் குடுடா, புதுசு போட்டுத் தரேன்னு நான்தான் வாங்கினேன். ஊசியில நூல் கோக்குறேன், கப்பலுக்கு ஆள் புடிக்கிறவங்க கரைக்கு வந்துட்டாங்க. படகுக்குக் கீல் பூசிக்கிட்டிருந்தவன அப்படியே வெறும் மேலோட தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. உத்தரியத்தக் கையில புடிச்சுக்கிட்டு ஓடினேன். அதுக்குள்ள தோணி போயிடுச்சு. அவன் ஏறின கப்பல் நம்ம மேட்டுக்கு நேராத்தான் ஒடஞ்சுது.

மொகமா? ஒரு வாரம் கடல்ல கெடந்தவங்களுக்கு மொகம் ஏது சாமி. எல்லாரையும் நானே கழுவினேன். காலப் பாத்தேன், வெரலப் பாத்தேன், நகக்கண்ணுல கீல் ஒட்டியிருக்கான்னு பாத்தேன். கப்பல்காரன் எல்லாருக்கும் ஒட்டியிருக்கு. பெத்தவ நான், எனக்குத் தெரியல. அவன் கரைக்கு வந்தானான்னுகூடத் தெரியல. அதான் எல்லாருக்கும் தச்சேன்.

எந்திரிச்சிட்டீங்களா? மீன அப்படியே வச்சிட்டீங்களே. சரி, மண்வெட்டி வாசல்லதான் இருக்கு. போய்த் தோண்டுங்க சாமி. எம்புள்ளைய மட்டும் விட்டுட்டு, மத்தவங்களத் தோண்டுங்க.