பொன்னாடையில் பழ வாசம்

தேன் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாழைப்பழம் சாப்பிட்டீர்களா என்றுதான். ஆமாம் என்றால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் விடமாட்டேன். எல்லாரும் சிரிப்பார்கள். இப்போது நீங்களும் சிரித்தீர்கள், ஐயா. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு சதையிலேயே தங்கிவிடும். அதிலிருந்து கனிந்த வாழைப்பழ வாசம் கிளம்பும். நமக்கு அது வாசம். கூட்டுக்கு அது உத்தரவு: எதிரி இங்கே இருக்கிறான், எல்லாரும் வாருங்கள்.

எங்கள் கே.ஜி.கண்டிகையில் தேனீ என்றால் கோதண்டபாணிதான். 'தேனீச் செம்மல்' என்று தானே நோட்டீஸ் அடித்துக்கொண்டவர். ராணித் தேனீயை மேடைக்கு மேடை 'மகாராஜா' என்பார். முட்டை போடுகிற மகாராஜா. கூட்டம் கைதட்டும். நான் குறை சொல்லவில்லை. கைதட்ட அறிவு எதற்கு, இரண்டு கை போதும்.

என் மனைவி யூனிசுக்கு மூட்டுவலி. தேனீக் கொட்டு வைத்தியம் என்று அவர் அவள் முழங்காலில் தேனீயை வைத்து அழுத்தினார். முதல் தடவையே உடம்பெல்லாம் தடித்துவிட்டது. வேண்டாம் என்றேன். "மருந்து வேல செய்துகினு இருக்குதுப்பா, நீ சும்மா இரு" என்றார். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே அவள் மூச்சு நின்றது. சவப்பெட்டியை மூடும்முன் வந்து என் தோளைத் தட்டினார்.

"மருந்துல குத்தம் இல்ல சைமன். ஒடம்புதான் ஏத்துக்கல."

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. கோபக்காரன் அன்றைக்கே அரிவாளை எடுத்திருப்பான். நான் அவருடைய பாராட்டு விழாவுக்கு ஒத்தாசை செய்தேன்.

மேடையைப் புளியமரத்தடியில் போடச் சொன்னது அவர்தான். மேலே முறம் அகலத்துக்கு மலைத்தேனீ அடை கட்டியிருந்தது. "அதுங்களுக்கு நான் யார்னு தெரியும்" என்றார். பொன்னாடை மட்டும் என் பொறுப்பு. என் பெட்டித் தேனீக்களைப் பிடித்து நசுக்கி, கனிந்த பழத்தோடு பிசைந்து, பொன்னாடையின் உள்மடிப்பில் தேய்த்துப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தேன். என் தேனீக்களை நானே கொன்றது அதுதான் முதல் தடவை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

மேடையில் பையைப் பிரித்துப் போர்த்தினேன். மோந்து பார்த்தார்.

"இன்னாப்பா, பஞ்சாமிர்த வாசன அடிக்குது?"

"மலைப் பிரசாதத்தோட வச்சிருந்தேங்க."

பொன்னாடையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தீங்களா, ஒரு கிறிஸ்தவன் எனக்கோசரம் திருத்தணி மலை ஏறிட்டு வந்துக்கிறான்!" என்று மைக்கில் சொன்னார். கைதட்டல்.

அடுத்து நடந்ததை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நம் பெரிய மனிதர்கள் பொன்னாடையைத் தோளில் வைத்திருக்க மாட்டார்கள். உடனே கழற்றி இன்னொருவருக்குப் போர்த்துவார்கள். கைக்காசு போகாத பெருந்தன்மை. அவர் தன் மனைவி நிர்மலாவை மேடைக்குக் கூப்பிட்டுப் போர்த்திவிட்டார். "என் கூட்டுக்கு இவதான் ராணி" என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சொல் அவர் வாயில் சரியாக வந்தது.

யூனிஸ் போன பிறகு எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தது நிர்மலாக்காதான். பொன்னாடையோடு நேராக என்னிடம் வந்தார்.

"இளைச்சிட்டியேப்பா. சாப்ட்டியா?"

முதல் தேனீ அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. நான் பார்த்தேன். 'அதக் கழட்டுங்கக்கா' என்று சொல்ல நேரம் இருந்தது.

"ஆங், சாப்ட்டேங்க்கா" என்றேன்.

செம்மல்தான் முதலில் ஓடினார். வேட்டி மேடையிலேயே நின்றுவிட்டது. அக்கா ஓடவில்லை, பொன்னாடையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வேறு எவரும் செய்திருக்கக்கூடியதுதான் அது.

பிணவறை வாசலில் செம்மல் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போய் அவர் தோளைத் தட்டினேன். "ஒடம்புதான் ஏத்துக்கலிங்க" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுதார். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தேன். கோபத்தில் இல்லை, ஐயா. நீங்கள் எழுதியதை அவரிடம் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். நிறுத்தி, நிதானமாக. வாழைப்பழத்திலிருந்து ஆரம்பியுங்கள்.