கீசர் கடையின் சிவப்பு எழுத்து

உங்கள் போலீஸ் வெப்சைட்டில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது சார். ஒரு வரியை முழுதாகப் படிப்பதற்குள் போய்விடுகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

என் தொழில் அது. கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து, விலையும் படமும் அவர்களே மாற்றிக்கொள்ள உள்ளே ஒரு பக்கம் அமைத்துக் கொடுப்பேன். அவரவர் தேவைக்கு அதை வளைத்துக் கொடுப்பதில்தான் திறமை இருக்கிறது. குரங்கு கையில் பூமாலையையும் கொடுக்க வேண்டும், அது பிய்த்துப் போடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். தையல் கடை அம்மா சட்டைகளுக்கு நடுவே தன் பேரன் படத்தைப் போடுவார். டிரைவிங் ஸ்கூல்காரர் மஞ்சள்மேல் வெள்ளையில் எழுதுவார். கீசர் கடைக்காரருக்கு எல்லாமே சிவப்பாக இருக்க வேண்டும், எல்லாமே மின்ன வேண்டும். "தம்பி, கண்ணப் பறிக்கணும், அப்பதான் ஜனங்க பாப்பாங்க" என்பார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

அதனால் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். அவர்கள் எழுதி சேவ் கொடுத்தால், அவர்கள் போனிலும் கடைக் கம்ப்யூட்டரிலும் அப்படியே தெரியும். ஊருக்கு, நான் பார்த்துச் சரிசெய்து அனுப்பினால்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. தன் கடைப் பக்கத்தை அடுத்தவன் போனை வாங்கிப் பார்க்கிற கடைக்காரன் எங்கே இருக்கிறான். எல்லோருக்கும் பரம திருப்தி. "நீ கைராசிக்காரன்ப்பா" என்று கீசர் கடைக்காரர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

உங்கள் கம்ப்யூட்டர் ஆள் இதை 'ஏதோ கோளாறு' என்று உங்களிடம் சொன்னது பெஞ்சுவரை கேட்டது. அதற்காகத்தான் இப்போது வாயைத் திறக்கிறேன். கோளாறு என்பது தானாக வருவது. இது நான் உட்கார்ந்து, யோசித்துச் செய்தது. ஒருநாள்கூடப் பிசகியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒருவகை கேஸ் கீசரில் புகைக்குழாய் சரியில்லை, விஷப்புகை குளியலறைக்குள்ளேயே தங்கிவிடும், மாற்றித் தரும்வரை யாரும் பற்றவைக்க வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்ததும், கடைக்காரர் உடனே எழுதிப் போட்டார். பக்கத்தின் தலைமாட்டில், கொட்டை எழுத்தில், சிவப்பில், மின்னும்படி. நான் பார்த்துப் பார்த்து வெளிர்நீலத்தில் செய்த பக்கம் அது. அந்தக் கோலத்தில் ஊருக்குக் காட்ட மனம் வரவில்லை. நிதானமாக அழகுபடுத்திக்கொள்ளலாம் என்று நிறுத்திவைத்தேன். அவர் தன் போனில் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று நிம்மதியாகிவிட்டார்.

என் அக்கா வீட்டிலும் அதே கீசர்தான். என் பேச்சைக் கேட்டு அவர் கடையில் வாங்கியது. அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

"டேய், குளிச்சிட்டு வந்தா தலை சுத்துதுடா. கடைக்காரர் சைட்ட பாத்தேன், ஒண்ணும் போடல. உங்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால், சைட்டில் ஏன் இல்லை என்று கேட்பாள். அக்கா வாயில் எதுவும் தங்காது. கடைக்காரர் காதுக்குப் போகும், அவர் மற்றவர்களிடம் சொல்வார், அப்புறம் ஆளாளுக்குப் புகுந்து நான் செய்த பக்கங்களையெல்லாம் நாசமாக்குவார்கள்.

"சைட்ல இல்லன்னா ஒண்ணும் இல்லக்கா. வெறும் வயித்துல குளிச்சிருப்ப" என்றேன்.

"அதானே. இருந்தா நீ சொல்லாமலா இருப்ப" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்கள். கடைக்காரர் அலறியடித்துக்கொண்டு வந்தார். "நான் போட்டுட்டேன் சார், பாருங்க, இதோ இருக்கு பாருங்க" என்று அத்தானிடம் போனை நீட்டி அழுதார். அதில் சிவப்பு மின்னியது. அத்தான் தன் போனைத் திறந்தார். வெளிர்நீலம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்போதுதான் எழுதிக்கொண்டு வந்து ஏமாற்றுகிறார் என்று அவர் சட்டையைப் பிடித்தார். நான் தடுக்கவில்லை. அவரைத்தான் நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அனுப்பிவிடுங்கள், இதையெல்லாம் செய்ய அந்த மனுஷனுக்கு மூளை கிடையாது.

அந்த அறிவிப்பை அன்றைக்கே ஊருக்குத் தெரியும்படி ஏற்றிவிட்டேன். மின்னாமல், சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில், பக்கத்தின் அடியில். உங்கள் போனிலேயே பாருங்கள் சார். அக்கா இருந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள், இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று.