ஒரு வேட்பாளரின் ஆசிரியர்

அரசியல் அறிவியல் படிக்க யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை, இன்ஸ்பெக்டர் சார். வணிகவியலில் இடம் கிடைக்காதவன் வருவான். வீட்டில் சும்மா இருந்தால் மாட்டை ஓட்டச் சொல்வார்கள் என்று பயந்தவன் வருவான். செஞ்சிக் கல்லூரியில் பல வருடமாக அந்த முகங்களைப் பார்த்து 'இறையாண்மை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முற்றுப்புள்ளியைக்கூட நான் சொன்னால்தான் வைப்பார்கள்.

இளையபெருமாள் எழுதமாட்டான். கேட்பான். பள்ளிப் படிப்பை இரண்டு முறை பாதியில் விட்டு, மீசை முற்றி, இருபத்தொரு வயதில் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவன். ஆட்சி என்பது மக்களின் ஒப்புதலால் நடப்பது என்று ஒருநாள் சொன்னேன். எழுந்தான்.

"சார், எலெக்சன் வந்தா எங்க ஊர்ல கோயில் வாசல்ல தாம்பூலத் தட்டு வெப்பாங்க. சுந்தரமூர்த்தி எடுத்துக்குவாரு. அவருதான் தலைவரு. வேற எவனும் கை நீட்ட மாட்டான். அது ஒப்புதலா, பயமா?"

"வழக்கம்" என்றேன்.

"அது எந்தப் பாடத்துல சார் வருது? நீங்க நடத்துனதே இல்லியே?"

வகுப்பு சிரித்தது. சிரிப்பதற்கு அவர்களுக்குப் பாடம் புரியவேண்டியதில்லை.

நான் கோபப்படவில்லை. ஊராட்சித் தேர்தல் அறிவித்திருந்த நேரம். "நீயே நின்னு பாரேன்" என்றேன். நம்பினான். இந்தப் பிள்ளைகள் எதையும் நம்புவார்கள். யூனியன் ஆபீசுக்கு நானே கூட்டிப்போய் மனுவைக் கொடுக்க வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஊர் அவன் வீட்டைத் தள்ளிவைத்தது. அவன் அம்மா விருத்தாம்பாளுக்குக் குழாயில் தண்ணீர் இல்லை, கடையில் தீப்பெட்டி இல்லை. வாபஸ் வாங்கக் கடைசி நாளுக்கு முதல்நாள் காலை என்னிடம் வந்து நின்றான்.

"வாபஸ் வாங்கிடறேன் சார். அம்மா அழுவுது."

"நல்லது. நாளைக்கு நானே கூட வரேன். இப்ப போய் கிளாஸ்ல ஒக்காரு."

முகம் தெளிந்து போனான்.

மதியம் சுந்தரமூர்த்தி வந்தார். கையெழுத்தைக் கோலம்போல வரைகிற மனிதர். ஊரையே ஆள்கிறார், கல்லூரி நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, பையன் இன்னா சொல்றான்? நீங்க சொன்னா கேப்பானே."

நாளைக்கு வாபஸ் வாங்குகிறான் என்று சொன்னால் போதும். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பார்.

"வாங்கமாட்டான்" என்றேன். "உங்க தட்டைக் காலால எத்திவிடுவேன்னு கிளாஸ்ல சொல்லிச் சிரிக்கிறான்."

எந்த பஸ்ஸில் வருவான் என்று கேட்டார். மூணு மணி பஸ் என்றேன். ஏரிக்கரையில் இறங்கித் தனியாகத்தான் நடப்பான் என்பதை அவர் கேட்காமலே சொன்னேன். கடைசி வகுப்பைச் சீக்கிரம் முடித்தேன். அவன் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதல்லவா.

சுந்தரமூர்த்தி உங்களிடம் சொன்னது உண்மைதான். அவருக்குக் கதை கட்டத் தெரியாது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அவரை விட எனக்கு நன்றாகத் தெரியும். நான் படித்த பாடமே அதுதான்.

மறுநாள் ஏரியில் மிதந்தவனைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். விருத்தாம்பாள் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க வேணாம்னுதான் சொல்லியிருப்பீங்க சாமி. அவன்தான் கேட்டிருக்க மாட்டான். சொன்னீங்கதான?"

"சொன்னேம்மா" என்றேன்.

பெற்றவள் மனம் நோகப் பேச எனக்கு வராது, சார். இளகின மனசு.