இடது இறக்கைக்கு எத்தனையாவது பூச்சு

“ஹலோ… ஆமா அத்தான், நான்தான்… கடையிலதான். ஒருத்தருக்குக் கண் பார்த்துக்கிட்டிருக்கேன்… பரவாயில்ல, சொல்லுங்க. அவர் எங்கயும் ஓடிட மாட்டார், அவர் கண்ணாடி என் கையில இருக்கு.”

கண்ணாடிக்காரர் சொன்னது உண்மைதான். ஒரு கையில் கால் ஒடிந்த கண்ணாடி, மறு கையில் போன். கண்ணாடிக்குச் சொந்தக்காரரான மீசைக்காரர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கின் மேல் சோதனைக்கான வட்டச் சட்டத்தைச் சுமந்தபடி, எதிர்ச்சுவர் அட்டையில் இல்லாத எழுத்துகளையெல்லாம் தைரியமாகப் படித்துக்கொண்டிருந்தார். வெளியே மழை. மத்தியான நேரத்து மழைக்குக் கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை.

போனில் பேசுவது அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் ஊராரை மாடிக்கும் தரைக்கும் பத்திரமாக ஏற்றி இறக்குவார். வீட்டுக்கு வந்தால் முழங்கை நீளப் பிளாஸ்டிக் விமானங்களை ஒட்டி, வண்ணம் பூசி, அலமாரிக்குள் நிறுத்துவார். கண்ணாடிக்காரருக்கும் அதே பைத்தியம். ஒரே பைத்தியம் பிடித்த இருவர் ஒரே குடும்பத்தில் வாய்த்தும் ஒற்றுமை மட்டும் வாய்க்கவில்லை. காரணம், வண்ணத்தைப் பிரஷ் பிடித்துக் கையால் பூசுவதா, ஏர்பிரஷ் பிடித்துக் காற்றோடு பீய்ச்சுவதா என்கிற வழக்கு. கண்ணாடிக்காரர் பிரஷ் கட்சி. அத்தான் பீய்ச்சும் கட்சி. நாளைக்குப் பொம்மை விமானச் சங்கத்துக் கண்காட்சியில் தீர்ப்பு. இருவரும் ஒரே மாதிரிக் கடல் விமானத்தை, ஒரே பளபளப்பு நீலத்தில், அவரவர் முறையில் முடித்துக்கொண்டு வர வேண்டும். தோற்றவர் தன் ஆயுதத்தை ஜென்மத்துக்கும் தொடக் கூடாது. பந்தயத்தைக் கேள்விப்பட்ட அக்கா, இரண்டு பேரும் தோற்க வழியுண்டா என்று மட்டும் கேட்டாள்.

“மூணாவது கோட்டு பெயிண்ட்டா?… இடது இறக்கை… சரி, சரி… என்னோடது முடிஞ்சு காயுது… பிரஷ் தடமா? இருக்கு, இல்லேன்னு யார் சொன்னா. ஆனா பிரஷ் தடத்துல கால் தடுக்கி எந்த பைலட்டும் விழுந்ததா இதுவரைக்கும் சேதி வரலியே.”

மறுமுனையில் அத்தான் சிரித்தார்.

கண்ணாடிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து, சரியான ஆளிடம்தான் பேசுகிறோமா என்று பார்த்துக்கொண்டார். அத்தான் தன் கல்யாணத்தன்றே போட்டோக்காரர் கெஞ்சியும் பல்லைக் காட்டாதவர். மைத்துனன் அடிக்கும் ஜோக்குக்குச் சிரிப்பதைவிட மைத்துனனுக்குக் கடன் கொடுத்துவிடலாம் என்கிற கொள்கைக்காரர். அவர் சிரித்தார். விட்டுவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடியும் சிரித்தார்.

“அத்தான்… நான் சொன்னது அவ்வளவு நல்ல ஜோக் இல்ல… இல்ல, நிஜமா. மட்டமான ஜோக்… அக்கா இருக்காளா பக்கத்துல?… ஓ, டியூட்டிக்குப் போயிட்டாளா… சரி. இப்ப எந்தப் பாகத்துக்கு அடிச்சுக்கிட்டிருக்கீங்க?… இடது இறக்கை. அதைத்தான் இப்ப சொன்னீங்க… மூணாவது கோட்டு. அதையும் சொன்னீங்க… இல்ல, ரெண்டு தடவை சொன்னீங்க.”

பாராட்டு கிடைத்த மகிழ்ச்சி அரை நிமிடம்கூடத் தங்கவில்லை. அத்தான் வேலை செய்யும் அறை அவருக்குத் தெரியும். நாலாவது மாடியில், பழைய பெட்டிகள் போட்டு வைக்கும் இடம். ஒரு மேசை, ஒரு நாற்காலி போட்டால் மூன்றாவதாக மூச்சுக்குத்தான் இடம்.

“ஜன்னல் திறந்திருக்கா?… டேப்பா? சுத்தி ஒட்டியாச்சா… கதவுக்கும்? அடியில இருக்கிற இடுக்குக்குமா… அந்த உறிஞ்சுற ஃபேன்?… ஏன் நிறுத்தினீங்க?… ஆமா. தூசி வரும். வரத்தான் செய்யும்.”

பளபளப்பு வண்ணம் பீய்ச்சுகிறவர்களுக்குத் தூசி ஜென்ம விரோதி. ஈரமான நீலத்தில் ஒரு துணுக்கு உட்கார்ந்தால், வானத்தில் பாறாங்கல் கிடப்பது மாதிரி தெரியும். அதனால் அத்தான் அறையை ஊறுகாய் ஜாடி போல அடைத்து, புகையை வெளியே தள்ளும் விசிறியையும் நிறுத்திவிட்டிருந்தார். அது ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் இடுக்கு வழியாகத் தூசியை இழுக்குமாம். தூசி வரவில்லை. காற்றும் வரவில்லை. பிரஷ்காரன் நாள் முழுக்கப் பூசினாலும் வண்ணத்தை இளக்கும் தின்னர் மூடியளவுதான் காயும். பீய்ச்சுகிறவருக்கு வண்ணத்தைவிடத் தின்னர்தான் அதிகம் பறக்கும், அதன் ஆவி மூச்சோடு போனால் முதலில் போதை, அப்புறம் மயக்கம்.

“மாஸ்க்காவது போட்டிருக்கீங்களா?… கழட்டிட்டீங்க… மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிடுச்சா. ஆமா, நான் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான். நல்லாத் திட்டுங்க. திட்டிக்கிட்டே எழுந்து கதவைத் திறங்க… காயட்டும்னா எப்ப?… அத்தான், உங்களுக்குத் தலை சுத்துதா?… கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம்?… சதியா? நானா?”

இங்கேதான் கண்ணாடிக்காரர் தலையில் தானே கொட்டிக்கொள்ள நினைத்தார், ஆனால் இரண்டு கையும் வேலையாக இருந்தன. ஏர்பிரஷுக்கு எதிராக அவர் இத்தனை வருடம் சொல்லாத பொய் இல்லை. அதன் இரைச்சலில் காது போகும் என்றார். மின்சாரக் கட்டணத்தில் சொத்து போகும் என்றார். ஒரு முறை, முடி கொட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறார், அதுவும் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே. புலி வருது புலி வருது என்று கத்தியவனுக்கு இன்றைக்கு நிஜமான புலி வந்திருந்தது. அத்தானோ, ஈரமான இறக்கையில் தூசி விழவைக்க மைத்துனன் போடும் கடைசித் திட்டம் இது என்று உறுதியாக நம்பினார்.

“அக்கா மேல சத்தியமா சதி இல்ல… என்னது?… காலு ஜில்லுன்னு இருக்கா? எந்தக் காலு?… ரெண்டுமா… மிதியடி நனைஞ்சிருக்கா? அத்தான், மேசை மேல தின்னர் டின் நிக்குதா படுத்திருக்கா, அதைச் சொல்லுங்க… படுத்திருக்கு.”

கண்ணாடிக்காரர் கையிலிருந்த ஒடிந்த கண்ணாடியை மேசையில் வைத்தார்.

“ஏன் எழுந்திருக்க முடியல?… சுகமா இருக்கா. தூக்கம் வருதா… இல்ல, தூங்கக் கூடாது. எங்கிட்டப் பேசுங்க. திட்டுங்க. என் பிரஷைத் திட்டுங்க… வாலு, ஆமா, கழுதை வாலு… இன்னும் சொல்லுங்க, கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

போனை வைக்க முடியாது, வைத்தால் அத்தான் தூங்கிவிடுவார். காதில் வசவு ஓட, அவர் ஒரு தாளை இழுத்து, அத்தானின் வீட்டு முகவரியை எழுதி, ஆம்புலன்ஸ் என்று மேலே போட்டு, மீசைக்காரர் முன்னால் நீட்டினார். மீசைக்காரர் தாளைப் பார்த்தார், தடவிப் பார்த்தார், இதிலும் முதல் எழுத்து வட்டமாகத்தான் தெரிகிறது என்றார். கண்ணாடிக்காரர் பெட்டியிலிருந்து இரண்டு வில்லைகளை எடுத்து அவர் மூக்கின் மேலிருந்த சட்டத்தில் செருகினார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக யாருக்கும் பார்வை கொடுத்ததில்லை. மீசைக்காரர் தாளைப் படித்தார். முகம் மாறியது. ஒரு கேள்வியும் கேட்காமல் தன் போனை எடுத்தார்.

அத்தானுக்கு அடுத்த வீட்டில் ஒரு தையற்காரர் இருந்தார். அவருக்குத் தயாரான கண்ணாடி உறைக்குள் அலமாரியில் கிடந்தது. உறையின் மேல் போன் எண். கண்ணாடிக்காரர் அதையும் எடுத்து மீசைக்காரர் மடியில் போட்டு, இவரையும் கூப்பிடுங்கள் என்று கையால் காட்டினார்.

“கேக்குறேன் அத்தான்… அத்தான்? ஏன் நிறுத்திட்டீங்க?… வசவு தீர்ந்துபோச்சா. உங்களுக்கா? நம்ப முடியலியே…”

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது, ஒவ்வொன்றும் படியேறி வருவது மாதிரி.

பயமுறுத்திப் பிரயோஜனமில்லை, கெஞ்சியும் பிரயோஜனமில்லை என்பது கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. இந்த மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்பக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

“அத்தான், நான் தோத்துட்டேன்… ஆமா, நிஜமாத்தான். ஸ்ப்ரேதான் ஒசத்தி… சத்தமாவா? சாட்சி வேணுமா? இருக்கார், இங்கயே ஒருத்தர் இருக்கார்.”

அவர் மீசைக்காரர் பக்கம் திரும்பி நின்றார்.

“ஐயா, கேட்டுக்குங்க. கையால பூசுறது மட்டம். காத்தால அடிக்கிறதுதான் வேலை. இனிமே நான் செத்தாலும் பிரஷைத் தொடமாட்டேன்.”

ஆம்புலன்ஸ்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த மீசைக்காரர், பதற்றத்தில் அதையும் சேர்த்து அவர்களிடம் சொல்லிவிட்டார்.

நடிப்பாகத்தான் ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். சொல்லி முடித்தபோது அது நடிப்பாக இல்லை. மேசைக்கடியில் தம்ளரில் நிற்கும் அத்தனை பிரஷையும் இந்த நிமிடமே ஒடித்துப்போடத் தயாராக இருந்தார். எதிர்த்தரப்பு பேரத்துக்குச் சம்மதித்தால் போதும்.

“கேட்டுதா?… ஆமா, எழுதிக்கூடத் தர்றேன். ஆனா ஒண்ணு அத்தான். டியூப்லைட்ல பார்த்துட்டு ஜெயிச்சேன்னு சொன்னா சங்கத்துல எவன் ஒத்துக்குவான்? பகல் வெளிச்சத்துல பார்க்கணும். பார்த்து எப்படி மின்னுதுன்னு நீங்களே எனக்குச் சொல்லணும்… அதான், ஜன்னல்கிட்ட… எழுந்து நடக்க முடியலேன்னா தவழ்ந்து போங்க. யார் பார்க்கப் போறா… ஆமா, விமானத்தையும் தூக்கிக்குங்க. மெதுவா… கை வச்சாச்சா? டேப்பைப் பிடிச்சு இழுங்க… இன்னும்… இழுங்க அத்தான்…”

சர்ரென்று டேப் உரிந்தது. ஜன்னல் முனகியது. போனுக்குள் மழை பெய்ய ஆரம்பித்தது.

“தலையை வெளிய நீட்டுங்க. நல்லா இழுத்து விடுங்க… இருமுங்க, நல்லா இருமுங்க. நனைஞ்சா நனையட்டும்… அப்படித்தான்… அப்படியே நில்லுங்க. ஆள் வந்துக்கிட்டிருக்கு.”

தையற்காரர் கடைத்தெருவில்தான் இருக்கிறார், குடையில்லாமலே வீட்டுக்கு ஓடுகிறார் என்று மீசைக்காரர் சொன்னார். கண்ணாடிக்காரர் முதல் முறையாக உட்கார்ந்தார். காதில் அத்தானின் இருமல், அதற்குப் பின்னால் மழை.

பிறகு இருமல் நின்றது.

“அத்தான்?… என்ன பார்க்கிறீங்க?… வழியுதா? எங்க, இடது இறக்கையிலயா… சொட்டுதா… வலது?… வலது இறக்கைல நீலமே இல்லியா?”

மூன்றாவது பூச்சு, மூன்றாவது பூச்சு என்று அத்தான் மத்தியானம் முழுக்க ஒரே இறக்கையின் மேல் நின்றிருக்கிறார். டியூப்லைட்டுக்கும் புகைக்கும் நடுவில் அது அவருக்குத் தெரியவில்லை. பகல் வெளிச்சம் ஒளிக்காமல் காட்டிவிட்டது. அந்த வெளிச்சத்துக்கு அவரை அழைத்துப் போனது கண்ணாடிக்காரர்தான்.

“அதனால என்ன… நீங்கதான் ஜெயிச்சீங்க, நான் ஒத்துக்கிட்டாச்சு, சாட்சி இருக்கு… வழிஞ்சாலும் நீங்கதான்… நேர்மையா? இப்ப எதுக்கு அத்தான் நேர்மை… துடைக்க வேணாம். உள்ள போகாதீங்க. கேளுங்க, அதைத் தூக்கி ஜன்னல் வழியா போடுங்க, என்னோடதை எடுத்துக்குங்க, பேரை மாத்தி வச்சுக்கலாம்… அத்தான், போனை வைக்காதீங்க, எங்க வைக்கிறீங்க… அத்தான்.”

போன் எதன் மேலோ உட்காரும் சத்தம். அதற்கப்புறம் ஜன்னல் விளிம்பும் மழையும்தான்.

உள்ளே, தூரத்தில், ஏர்பிரஷுக்குக் காற்று கொடுக்கும் மோட்டார் உறுமியது. அந்தச் சின்ன மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. விரல் விசையை அழுத்தியிருக்கும் வரைதான் ஓடும், விரல் விலகினால் நின்றுவிடும். ஓடுகிறது என்றால் அத்தான் அந்த அறைக்குள் நின்று அதே காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறார். நின்றால் அவர் மனம் மாறி ஜன்னலுக்கு வருகிறார் என்று அர்த்தம். வேறு அர்த்தமும் உண்டு. அது உடனே நிற்க வேண்டும் என்றும், நின்றுவிடவே கூடாது என்றும் கண்ணாடிக்காரர் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டார்.

மோட்டார் நின்றது.

“அத்தான்?… வந்துட்டீங்களா?… ஒரு வார்த்தை பேசுங்க… சரி, பேச வேணாம், இருமுங்க போதும்… அத்தான், தையற்காரர் வந்துட்டார் போல, கதவைத் தட்டுறார் பாருங்க, எனக்கே கேக்குது… உங்களுக்குக் கேக்குதா?”

கதவைத் தட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளிருந்து யாரும் யாரென்று கேட்கவில்லை.

பிறகு இணைப்பு அறுந்து, போனுக்குள் தட்டலும் மழையும் சட்டென்று நின்றுபோயின. தெருவில் பெய்துகொண்டுதான் இருந்தது.