ஏலக்காய் டப்பாவில் வாஷர்

உப்புத் தண்ணீர் ஓடுகிற வீட்டில் குழாய் ஒழுகுவதெல்லாம் ஒரு சேதியே இல்லை, பாஸிலா. ஏலக்காய் எடுக்கப் போன டப்பாவில் கறுப்பாக நாலு ரப்பர் வளையம் கிடந்ததற்கு இப்படி முழிக்காதே. உட்கார்ந்து பூண்டை உரி. பெற்ற மகளிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

உன் தம்பி அயாஸ் துபாயில் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டிலும் பாத்டப் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று போட்டான். பேகம்பூரில் தண்ணீர் வருகிற லட்சணத்துக்கு அதில் யார் படுத்துக் குளிப்பது? நான் தண்ணீர் பிடித்து வைக்க எடுத்துக்கொண்டேன். நல்ல தொட்டி. அதற்கு மேலே இருக்கிற ஷவர்தான் ஒழுக ஆரம்பித்தது. அந்த முதல் ஒழுக்குக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை.

உன் அத்தா அப்போதுதான் பிரியாணிக் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு வந்திருந்தார். கடை அடுப்பை விட்ட மனுஷர் நேரே என் அடுப்புக்கு வந்து சேர்ந்தார். உப்பில் கை வைத்தால் செத்த பொறு என்பார். மூடியைத் தூக்கினால் இப்போது திறக்காதே என்பார். ரசத்துக்குக்கூட பதம் சொன்னார். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து எனக்கென்று இருந்தது அந்த ஓர் இடம். அங்கேயும் அவரே நின்றால் நான் எங்கே போய் நிற்பது?

ஷவர் ஒழுகவும் அவர் அந்தப் பக்கம் போனார். முதலில் தண்ணீர் கொட்டுகிற பூத்தலையைக் கழற்றி வெள்ளை டேப் சுற்றி மாட்டினார். நிற்கவில்லை. மூடிய பிறகும் சொட்டுகிறதென்றால் கோளாறு மேலே இல்லை, திருகுகிற இடத்தில்தான் என்று யோசித்துக் கண்டுபிடித்தார். மாடித் தொட்டி வால்வை அடைத்து, கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த தண்டை உருவினார். அதன் நுனியில் இருந்த வாஷர் நைந்து போயிருந்தது. புதிது போட்டார், சொட்டு நின்றது. செல்போன் டார்ச் பிடித்தது நான்தான். எதையும் சொல்லிக்கொண்டே செய்கிறவர் என்பதால் எனக்கும் வேலை பிடிபட்டுவிட்டது.

அவர் குளியலறையில் கிடந்த நேரத்தில் என் குழம்பு எவ்வளவு நிம்மதியாகக் கொதித்தது தெரியுமா? குழாய் சரியான மறுநாளே மறுபடி அடுப்படிக்கு வந்துவிட்டார். அன்று அசர் தொழுகைக்கு அவர் பள்ளிவாசல் போனதும் நான் வால்வை அடைத்தேன். புது வாஷரில் பிளேடால் மெல்லிசாக ஒரு கீறல் போட்டு, திரும்ப மாட்டி முடுக்கினேன். அவர் சலாம் சொல்லிக்கொண்டு உள்ளே வரும்போது ஷவர் சொட்டிக்கொண்டிருந்தது.

தண்ணீரை வீணாக்குவது பாவம் என்று சொல்ல வருகிறாய். ஒரு சொட்டு வீணாகவில்லை. எல்லாம் தொட்டியில் விழுந்தது, அதை மொண்டுதான் பாத்திரம் கழுவினேன்.

அதற்குப் பிறகு பிளேடுகூடத் தேவைப்படவில்லை. கீறல் விழுந்த வாஷரை அவர் குப்பையில் போடுவார், நான் எடுத்து வைத்துக்கொள்வேன். அவர் நல்லது மாட்டுவார், நான் அதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போடுவேன். நல்ல சாமானை எறிய மனம் வராமல்தான் டப்பாவில் சேர்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் கீறல் இருந்ததைப் பார்த்தவர், தான் முடுக்குகிற விதத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்துவிட்டார். அடுத்த தடவையும் நான்தான் டார்ச் பிடித்தேன்.

அயாஸ் கல்யாணத்துக்கு நாம் வைக்கிற வலிமா விருந்துக்கு அவர்தான் பிரியாணி தம் போடுவதாக இருந்தது. போன வாரம் கறி சொல்லி வரப் போகாமல் உட்கார்ந்தே இருந்தார். என்னவென்று கேட்டேன்.

"ஒரு வாஷர் மாட்டத் தெரியாத கை, ஜெய்தூன். இம்புட்டு ஜனத்துக்கு எப்படித் தம் போடும்? வேற மாஸ்டரப் பாக்கச் சொல்லு."

சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று நேற்று சீரகச் சம்பாவில் கொஞ்சமாக ஒரு சட்டி பிரியாணி போட்டேன். வயிறு நிறைந்திருந்தால் கோபம் அவ்வளவாக வராது என்று ஒரு நினைப்பு.

ஒரு வாய் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியே என் கைப்பக்குவம்," என்றார்.

ஊரே அவர் கடை வாசலில் நின்றதே, அந்த மசாலாவை வறுத்து இடித்து அனுப்பியது யார் என்று நினைக்கிறாய்? நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். அசருக்கு அவர் போனதும் மாடிக்கு ஏறி வால்வை அடைத்தேன்.

வலிமாவுக்கு நானே தம் போடுகிறேன். சாப்பிட்டவர்கள் யார் கை என்று கேட்டால், என்னைக் கைகாட்டு. வாஷரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு அந்த இஞ்சியை இங்கே தா. கடை, கடை என்று உழைத்த மனுஷர், பாவம், இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்றுதான் இவ்வளவும் செய்கிறேன்.